பத்தொன்பது வரை எண்ணியவன்

போன வாரம் முழியாருக்குப் பாராட்டு விழா நடந்தது. அதைப் பற்றி விசாரிக்க ஒரு பத்திரிகைக்காரர் என் வீட்டுக்கு வந்தார். முழியார் வீட்டில் கூட்டம் அதிகமாம், அதனால் என்னிடம் வந்தாராம்.

"ஐயா, அவரோட வெற்றிக்கு என்ன ரகசியம்?"

"பொறாமை," என்றேன்.

"யாரோட பொறாமை?"

"என்னோடது."

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். என் பேனாவில் மை இருக்கிறது. பொய் சொல்கிற வழக்கமும் எனக்குக் கிடையாது. ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

முழியார் என் தங்கையின் கணவர். மேடையில் நாற்பத்திரண்டு வருடம், திரையில் எண்பத்திரண்டு படம். ஆரம்பத்தில் அவரை முழியன் என்றார்கள். கொஞ்சம் பெயர் வந்ததும் முழியார் ஆனார். இப்போது 'முழியார் அவர்கள்'. என்னை ஆரம்பத்தில் குசுகுசு என்றார்கள். இப்போதும் குசுகுசுதான். அவசரத்தில் பாதியோடு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு.

அந்தப் பெயர் வரக் காரணம் என் வேலை. நாடகம் நடக்கும்போது பக்கத் தட்டியின் மறைவில் நோட்டும் கையுமாக நின்றுகொண்டு, நடிகர் வசனத்தை மறந்தால் காதுக்கு மட்டும் எட்டும்படி எடுத்துக் கொடுப்பவன் நான். பிராம்ப்டர் என்பார்கள். நல்ல பிராம்ப்டரை யாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் அவனுக்கு வேலை போய்விட்டது என்று அர்த்தம்.

சும்மா நிற்க முடியாமல் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்ததும், டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி ஒரே சீராக, ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். சிரிப்பு அடங்கியதும் அந்த எண்ணை நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைப்பேன். நாலு என்றால் நல்ல சிரிப்பு. ஆறு என்றால் நடிகர் அடுத்த வசனத்துக்குக் காத்திருக்கவேண்டும். ஒன்பது என்றால் கம்பெனி முதலாளி தன் அறையிலிருந்து எழுந்து வந்து, கொட்டகையில் தீப்பிடித்துவிட்டதா என்று பார்ப்பார்.

முழியாருடைய அதிகபட்சம் பத்தொன்பது. அன்றைக்கு மூன்றாம் வரிசைக்கு நேராகப் பதினோரு வருடமாக நின்றுபோயிருந்த சுவர்க்கடிகாரம் அதிர்ச்சியில் ஓட ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் வேகமாக ஓடுகிறது என்று கொட்டகைக்காரர் பிறகு குறைப்பட்டுக்கொண்டார். ஒருவருக்குத் தாடை கழன்றுவிட்டது. அதை மாட்டிவிட வந்த டாக்டர் மேடையைத் திரும்பிப் பார்த்தார், அவருக்கும் கழன்றுவிட்டது. இருவரையும் ஒரே கட்டிலில்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் பத்தொன்பதும் நான் போட்ட பிச்சை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

*

எங்கள் கம்பெனியில் ஒரு திருட்டைப் பற்றிய நாடகம் வெகுநாள் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வேலைக்காரன் வேடம். அந்த வேடத்துக்காக நான் ஆறு வருடம் காத்திருந்தேன். காரணம், என் மனைவி.

என் மனைவி சிரிக்காதவள் இல்லை. பக்கத்து வீட்டம்மாள் சொன்னால் சிரிப்பாள். தபால்காரர் சொன்னால் சிரிப்பாள். வேலை செய்கிற தச்சர் ஒன்றுமே சொல்லாமல் சுத்தியலைத் தேடினால்கூடச் சிரிப்பாள். நான் சொன்னால் மட்டும் சிரிக்கமாட்டாள். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து விதவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன்: வீட்டில் சொல்வதால்தான் எடுபடவில்லை. முகத்தில் சாயம் பூசிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் நின்று சொன்னால் சிரித்துத்தானே ஆகவேண்டும்? எனக்கு வேண்டியது அந்த ஒரு சிரிப்புதான். அதற்கு அந்த வேலைக்காரன் வேடம் வேண்டும்.

வேடம் போட்டுக்கொண்டிருந்தவர் ஒருநாள் மேடைப் படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். நான்தான் தள்ளிவிட்டேன் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். அபாண்டம். அவர் விழுந்தபோது நான் ஐந்து அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். ஓடித் தாங்கிப் பிடிக்க அந்த ஐந்து அடி பெரிய தூரமில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் தலையைப் படிய வாரிக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றேன். வேடம் முழுவதையும் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"சரியாத்தான்யா சொல்றே. ஆனா சாவுத் தந்தி வாசிக்கிற மாதிரி இருக்கு."

அந்த நேரம் பார்த்து என் தங்கை வீட்டுக்காரர் உள்ளே நுழைந்தார். கையில் என் மத்தியான சாப்பாட்டு அடுக்கு. அப்போது அவருக்கு பஸ் டிப்போவில் வேலை. பயணிகள் விட்டுவிட்டுப் போகிற சாமான்களை வைத்திருக்கும் அறையில் உட்காருவார். காலை முதல் மாலைவரை ஒவ்வொருவராக வந்து "என் குடையைப் பார்த்தீங்களா?" என்று கேட்பார்கள். அவர் ஒரு முழி முழிப்பார். பிறகு எழுந்துபோய்த் தேடுவார். நாலு வருடம் அதே வேலை. முகம் அப்படியே இறுகிவிட்டது.

"யாருய்யா நீ?" என்று முதலாளி கேட்டார்.

அவர் முதலாளியைப் பார்த்தார். கையிலிருந்த அடுக்கைப் பார்த்தார். யாரென்று நான் எடுத்துச் சொல்வேனா என்று என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியின் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதுவரை அவருக்குப் பல் இருக்கிற விஷயமே எங்களுக்குத் தெரியாது.

"வேஷம் இவருக்குத்தான்."

"முதலாளி, அவருக்கு நடிக்கத் தெரியாது."

"அதான்யா வேணும். உனக்குத்தான் தெரியுதே, என்ன பிரயோஜனம்?"

அன்று சாப்பாட்டு அடுக்கைத் திறந்தேன். மேல்தட்டு காலி.

"வழியில பசிச்சுது மச்சான்," என்றார் அவர்.

வேடமும் போயிற்று, மேல்தட்டும் போயிற்று. பொறாமை வந்தது அந்த நிமிடத்தில்தான். அது இன்றுவரை ஒருநாள்கூட லீவு போட்டதில்லை.

*

முதல் நாடகத்தன்று என் தங்கை தட்டிப் பக்கம் வந்து கண்ணைக் கசக்கினாள்.

"அண்ணே, உன்னைத்தான் நம்பியிருக்கேன். அவரு மண்டையில பஸ் நம்பருக்கு மேல எதுவும் நிக்காது. நீ அப்பப்ப எடுத்துக் குடுத்துடு."

நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவது ஒன்றும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது இல்லையே.

திரை உயர்ந்தது. மூன்றாம் வரிசை ஓரத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். எஜமானராக நடித்தவர் அதட்டினார்: "பெட்டிச் சாவி எங்கடா?"

"உங்க இடுப்புலதாங்க இருக்கு" என்பது பதில். மாப்பிள்ளைக்கு அது ஞாபகம் இல்லை. என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். நிற்கட்டும், நன்றாக நிற்கட்டும். முதலாளி பார்க்கட்டும். மூன்றாம் வரிசை பார்க்கட்டும். மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு...

அவர் எஜமானரைப் பார்த்து முழித்தார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார். நாலு வருடப் பழக்கத்தில் எஜமானரின் நாற்காலிக்கு அடியில் தேடினார். எஜமானரின் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பத்திரமாகத் திரும்ப வைத்தார். ஏழு எண்ணும்போது சிரிப்பு கிளம்பியது. எனக்குப் பிடிவாதம் ஏறியது, இன்னும் பிடித்துவைத்தேன். சிரிப்பு இரண்டு மடங்கானது. மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். என் மனைவி கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

 அவசர அவசரமாக வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் பத்திரிகையில் 'வாய் பேசாமலே வசனம் பேசுகிறார்' என்று எழுதியிருந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அந்த இடைவெளி இருக்கு பாரு, அதுல கை வச்சிடாதே" என்றார். அன்றிலிருந்து அவரைத் தவிக்கவிடுவது என் உத்தியோகத்தில் ஒரு பகுதியாகிவிட்டது. ஒருவனுக்குக் கெடுதல் செய்வதையே மேலிடத்து உத்தரவாகச் செய்யவேண்டி வந்தால் அதில் என்ன சுகம் இருக்கிறது, சொல்லுங்கள்.

பத்தொன்பது வந்த கதை இது. நீதிமன்றக் காட்சி. வேலைக்காரன் சாட்சிக் கூண்டில் நிற்கிறான். நீதிபதி கேட்கிறார்: "திருட்டு நடந்தப்ப நீ எங்க இருந்த?" அதற்கு "தோட்டத்துல இருந்தேங்க" என்று சொல்லவேண்டும். நான் வாயைத் திறந்தேன். அந்தச் சமயம் பார்த்து எனக்குப் பின்னால் திரை இழுக்கும் ஆசாமி கயிற்றைச் சரிசெய்தார். பருமனான மனிதர், அவர் இழுத்தால் சுவரே வரும். என் கால் கயிற்றில் மாட்டிக்கொண்டது. நான் திரும்பி அவரை அதட்டினேன். தொழில் பழக்கத்தில் அதையும் குசுகுசுவென்றே அதட்டினேன்.

மாப்பிள்ளைக்கு என் குரல் வந்தால் போதும். வந்ததை அப்படியே சொல்லிவிடுவார். அது வசனமா இல்லையா என்றெல்லாம் ஆராய்ச்சி செய்யமாட்டார். நீதிபதியைப் பார்த்துக் கைகட்டி, மிகுந்த பணிவோடு சொன்னார்:

"யோவ், கயித்த விடுய்யா. என் கால் அதுல மாட்டிக்கிட்டு இருக்கு."

நீதிபதி வழக்குக் கட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். குற்றவாளியாக நடித்தவர் கூண்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கடிகாரம், தாடை எல்லாம் அன்றைக்குத்தான். நான் ஒற்றைக் காலில் நின்றபடி பத்தொன்பது வரை எண்ணினேன்.

அது என் வார்த்தை. என் கால். என் கயிறு. சிரிப்பு மட்டும் அவருடையது.

அதற்குப் பிறகு எனக்கு விஷமம் முற்றிவிட்டது. வேண்டுமென்றே தப்பாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். "எஜமான், நான் ஒரு அடிமுட்டாளுங்க. எங்க மச்சான்தான் புத்திசாலி" என்று ஒருநாள் கொடுத்தேன். அதையும் ஒரு முழி முழித்துவிட்டுச் சொன்னார். பதினாலு. முதலாளி அதை நோட்டிலேயே சேர்க்கச் சொல்லிவிட்டார். நான் வைத முதல் வசவை என் கையாலேயே அழகாக எழுதிச் சேர்த்தேன்.

*

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒருநாள் காலை அதன் கீழே வாளியை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன்:

"இந்தக் குழாய் எங்க முதலாளி மாதிரி. கூப்பிட்டா வராது. வந்துட்டா நிக்காது."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள், "வாளியை இன்னும் கொஞ்சம் தள்ளுங்க" என்றாள்.

பத்து நாள் கழித்து, 'முதலாளி' என்பதை 'எஜமான்' என்று மாற்றி, மாப்பிள்ளை காதில் அதைப் போட்டேன். மேடையில் சொன்னார். பதினொன்று. மூன்றாம் வரிசையில் பக்கத்து வீட்டம்மாள் என் மனைவியின் முதுகில் குத்திக்கொண்டிருந்தாள், மூச்சுத் திணறிவிட்டதாம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து, அதே வாளிப் பக்கம் நின்றுகொண்டு, "இன்னைக்கு அண்ணன் ஒண்ணு சொன்னாரு பாருங்க..." என்று என் நகைச்சுவையை எனக்கே சொல்லிக் காட்டினாள். சொல்லி முடிக்க முடியாமல் சிரித்தாள்.

"அதை நான் சொன்னேன். இதே இடத்துல. இதே வாளிக்குப் பக்கத்துல."

"நீங்களும் சொன்னீங்க. நீங்க சொன்னப்ப குழாய் ஒழுகுறதுதான் ஞாபகம் வந்துச்சு."

சினிமாக்காரர்கள் அவரைத் தேடி வந்தபோது, "மச்சான் வந்தாத்தான் நான் வருவேன்" என்று நின்றுவிட்டார். ஆகவே நானும் எண்பத்திரண்டு படத்தில் இருக்கிறேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பண்ணையார் கணக்கெழுதும் மேஜை ஞாபகம் இருக்கிறதா? அதற்கு அடியில் நான்தான். ஆஸ்பத்திரிக் காட்சியில் அலமாரிக்குள் நான். காதலர்கள் சாய்ந்து நிற்கும் புதருக்குள் நான். அதில் எறும்புகளும் இருந்தன. குதிரைவண்டிக் காட்சியில் எங்கே இருந்தேன் என்பதை மட்டும் சொல்லமாட்டேன். குதிரைக்கும் மானம் உண்டு.

ஒரு படத்தில் கட்டிலுக்கு அடியில் என் பாதம் முக்கால் நொடி தெரியும். மனைவியை அழைத்துப்போய், "அதோ, அதோ நான்!" என்று காட்டினேன். "உஷ், அண்ணன் பேசுறாரு," என்றாள்.

இன்னொரு படத்தில் என்னை ஒரு துணிப் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். விளக்குக்காரர்கள் இருவர் பெட்டியின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என்ன குசுகுசுத்தும் பிரயோஜனமில்லை. உரக்கக் கத்துவது எனக்கு மறந்தே போயிருந்தது. கடைசியில் மாப்பிள்ளைதான் கையில் இரண்டு தட்டோடு என்னைத் தேடிக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தார். தொலைந்த சாமானைத் தேடுவதில் அவருக்கு அனுபவம் உண்டே.

"மச்சான், நீங்க வராம எனக்கு இறங்கல," என்றார்.

நல்ல மனிதர். அதுதான் தாங்கமுடியவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டுக்கொண்டிருப்பேன். இவரிடம் பொறாமைப்படும்போது இடையிடையே வெட்கமும் படவேண்டியிருந்தது. இரட்டை வேலை.

*

பாராட்டு விழாவுக்கு வருகிறேன். அவருக்கு எழுபது வயது, எனக்கு எழுபத்தி நாலு. பெரிய மண்டபம், சாயங்காலம் நாலு மணி. பேச வந்தவர்கள் பேசினார்கள். ஒருவர் "முழியார் அவர்களின் மௌனம் ஒரு தத்துவம்" என்றார். தட்டிக்குப் பின்னால் நின்ற நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டேன். கேடயம் கொடுத்தார்கள். பிறகு ஜனங்கள் ஆசைப்பட்டபடி, பழைய நீதிமன்றக் காட்சியை ஒருமுறை நடித்துக் காட்டுவது என்று ஏற்பாடு.

நான் ஒரு முடிவோடு வந்திருந்தேன். இன்றைக்கு ஒரு வார்த்தைகூடக் கொடுப்பதில்லை. ஐந்து எண்ணவோ ஏழு எண்ணவோ போவதில்லை. கொடுக்கவே போவதில்லை. அந்த வாய்க்குள்ளே இத்தனை வருடமும் இருந்தது யார் என்று உலகம் பார்க்கட்டும். உலகம் என்றால் மூன்றாம் வரிசை ஓரம். என் மனைவி பழக்கம் மாறாமல் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டை தயாராக மடியில்.

நீதிபதி கேட்டார்: "திருட்டு நடந்தப்ப நீ எங்க இருந்த?"

மாப்பிள்ளை முழித்தார். சிரிப்பு எழுந்தது. பதினொன்று. அடங்கியது. என் பக்கம் பார்த்தார். நான் நோட்டை மூடினேன். மீண்டும் முழித்தார். ஐந்து. இன்னும் ஒருதரம். இரண்டு. பிறகு ஒன்றுமில்லை.

அப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதே இல்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இன்னொருவர் அதற்குப் பதில் இருமினார். முன்வரிசையில் என் தங்கை பாதி எழுந்துவிட்டாள். மூன்றாம் வரிசையில் கைக்குட்டை மடிக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. முப்பது எண்ணிவிட்டேன். நாற்பத்திரண்டு வருடமாக நான் காத்திருந்த நிமிடம் அது. நன்றாகத்தான் இருந்தது, அவர் என்னைத் திரும்பிப் பார்க்கும் வரை.

அவருடைய முழி அத்தனையும் எனக்கு அத்துப்படி. இது அதில் எதுவும் இல்லை. குடையைத் தொலைத்துவிட்டு, அந்த டிப்போ அறையின் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார்களே, அவர்கள் பார்க்கிற பார்வை.

சரி, தொலையட்டும் என்று வாயைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள், வார்த்தை வரவில்லை. 'தோட்டத்துல இருந்தேங்க'. இரண்டே வார்த்தை. ஆயிரம் தரம் குசுகுசுத்தது. நோட்டைத் திறக்கப் பார்த்தேன். அந்தப் பக்கம் அகப்படவில்லை.

அவர் சாட்சிக் கூண்டை விட்டு இறங்கினார். மெதுவாக என் பக்கம் நடந்து வந்தார். தட்டிக்குப் பின்னால் கையை நீட்டி, என் மணிக்கட்டைப் பிடித்து, மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார். சத்தம் கேட்கக்கூடாதென்று நான் போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பில் ஒன்று திரைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. ஒற்றைச் செருப்போடு, நெற்றியில் ஏற்றிய கண்ணாடியோடு, வாழ்நாளில் முதல்முறையாக விளக்கு வெளிச்சத்தில் வந்து நின்றேன்.

அவர் நீதிபதியைப் பார்த்துக் கைகட்டினார்.

"ஐயா, நான் எங்க இருந்தேன்னு இவருக்குத்தாங்க தெரியும்."

நீதிபதி என் பக்கம் திரும்பினார். மண்டபம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. நான் முழித்தேன். நடிக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். தலைக்குள் பெருக்கித் துடைத்த மாதிரி ஒன்றுமே இல்லை. உதவிக்குத் தட்டிப் பக்கம் பார்த்தேன். அங்கே யார் இருக்கிறார்கள்? அங்கே நிற்கவேண்டிய ஆள் நான்தானே. என் செருப்பு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

என் காதோரம் குசுகுசுவென்று ஒரு குரல் கேட்டது. உதடு அசையாமல் மாப்பிள்ளை பேசினார்.

"அவசரப்படாதீங்க மச்சான். எண்ணுங்க. எனக்கு எண்ணுவீங்கள்ல, அந்த மாதிரி."

நான் திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன். அவ்வளவுதான். சிரிப்பில் மண்டபம் இடிந்து விழுந்தது. ஏழாயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வரிசையில் கைக்குட்டை வாய்க்குப் போய்விட்டது. என் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து.

அது எத்தனை என்று எனக்குத் தெரியாது. எண்ண மறந்துவிட்டேன்.

சிரிப்பு அடங்குகிற நேரம் பார்த்து, மறுபடி அதே குரல்: "இப்ப சொல்லுங்க. யோவ், கயித்த விடுய்யா..."

என் வார்த்தையை எனக்கே எடுத்துக் கொடுத்தார். நான் சொன்னேன். உரக்கத்தான் சொன்னேன்.

பிறகு ஒப்பனை அறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"நான் எண்ணுறது எப்பத்திலேர்ந்து தெரியும் மாப்பிள்ள?"

"முதல் நாள்லேர்ந்தே. உங்க உதடு அசையுமே மச்சான்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

ஒரு முழி முழித்தார். விட்டுக்கொடுக்காமல் நானும் காத்திருந்தேன். எட்டு எண்ணியபின் சொன்னார்:

"கேட்டா நிறுத்திடுவீங்களே."

*

மறுநாள் காலை பத்திரிகையைப் பிரித்தேன். 'முழியார் அவர்கள் தம் உறவினரான ஒரு முதியவரை மேடைக்கு அழைத்துவந்து, அவரைக்கொண்டே அவையைச் சிரிப்பில் ஆழ்த்தினார். மேதை தொட்டால் கல்லும் சிரிப்பூட்டும்' என்று எழுதியிருந்தார்கள். கல் என்பது நான்.

பத்திரிகையைச் சமையலறைக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன். அவளும் படித்தாள்.

"சரியாத்தானே எழுதியிருக்காங்க. அண்ணன் உங்களையே சிரிக்க வைக்கிற ஆளாக்கிட்டாரே."

"நேத்து நீ சிரிச்சது யாரைப் பாத்து?"

"உங்களைப் பாத்துத்தான்."

"அப்ப?"

"அவரும் பக்கத்துல இருந்தாரே."

 குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. குழாய் அதேதான், வாளியை மட்டும் ஒன்பது முறை மாற்றிவிட்டோம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள்.

"ஏங்க, நேத்து மாதிரி இன்னொரு தடவை முழிங்களேன்."

முழித்தேன்.

"இது இல்ல."

வேறு மாதிரி முழித்தேன்.

"இது வயித்து வலி."

புருவத்தை உயர்த்தி, கண்ணை அகட்டி, தலையைச் சாய்த்து, எனக்குத் தெரிந்த அத்தனை வித்தையும் காட்டினேன். அவள் கருணையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"உங்க பேச்சுக்கு நான் ஏன் சிரிக்கிறதில்லைன்னு தெரியுமா?"

"ஏன்?"

"சொன்ன உடனே என் மூஞ்சியையே பாப்பீங்க. உதடு ஒண்ணு ரெண்டுன்னு அசையும். எனக்கு என்னமோ பரீட்சை எழுத உக்காந்த மாதிரி ஆயிடும். மணி அடிக்கிறதுக்குள்ள சிரிக்கணுமேன்னு பயத்துல சிரிப்பு வராது. அம்பது வருஷமா இப்படித்தான்."

இதற்கு ஏதாவது பதில் சொல்லவேண்டும். அவளுக்கு எதிராக நான் எப்போதும் இரண்டு மூன்று பதில் தயாராக வைத்திருப்பவன். வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். தட்டியும் இல்லை, நோட்டும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. பாத்திரம் கவிழ்த்துவைக்கிற கூடைதான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றேன்.

முதலில் ஒரு சின்ன சத்தம்தான் கேட்டது. பிறகு அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். கைக்குட்டை தேடினாள், கிடைக்கவில்லை, துடைக்கிற துணியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நான் இன்னும் அப்படியே நிற்பதைக் கண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டம்மாள் ஜன்னலைத் திறந்து, "என்ன, அண்ணன் வந்திருக்காரா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றாள் என் மனைவி, மூச்சு வாங்கிக்கொண்டே. "இவருதான். இவரு மட்டும்தான்."

இருபத்திமூன்று. உதட்டை அசைக்காமல் எண்ணினேன்.

இதை எந்தப் பத்திரிகையும் போடாது. ஆகவேதான் நான் எழுதிவைக்கிறேன். முழியார் அவர்களுக்குப் பத்தொன்பதுதான்.